தண்ணீர் உட்காரும் வரை

நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் வாரத்துக்கு ஒருமுறை கீழ்த்தளத்தைக் கழுவுகிறார்கள். கழுவுகிறவர் நீல டிரம்மை அப்படியே சாய்த்துவிடுவார். தண்ணீர் சளாரென்று சிமென்ட் தரையில் ஓடும், எதிர்ச்சுவரில் முட்டும், திரும்பும். இரண்டு சத்தம். முதல் சத்தம் அகலமானது, கும்மாளமானது. இரண்டாவது குட்டையாக, முணுமுணுப்பாக, போன வீட்டில் கதவைத் திறக்காததால் திரும்பி வருகிறவனின் சத்தம். முதலாவதுக்கு நான் விழிப்பதில்லை. இரண்டாவதுக்கு விழித்துவிடுகிறேன். வலது தோளில் பழைய வலி ஒன்று எழுந்து உட்காருகிறது. கூடவே அவர் நினைவும் வருகிறது. ஆனால் அது உட்காருவதில்லை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

காரைக்குடியில் எல்லாரும் அவரை டீச்சர் என்றார்கள். அவர் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. பொறியியல் கல்லூரியில் தண்ணீரின் போக்கை ஆராய்வதற்கென்று ஒரு கூடம் இருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி வைத்த நீளத் தொட்டி, குழாய்கள், அளவுகோல்கள். அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முப்பத்தெட்டு வயது இருக்கலாம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டி, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே நிற்பார். நாற்காலி போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கையில் ஜெபமாலை. தொட்டியில் அலை ஓடும்போது ஒரு அலைக்கு ஒரு மணியாகத் தள்ளுவார்.

"சாமி கும்பிடுற மாலையில தண்ணிய எண்ணுறீகளே டீச்சர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாதா கோவிச்சுக்கமாட்டா. எண்ணத்தான குடுத்துருக்கா."

அவரிடம் ஒரு சொல் இருந்தது. இன்னொருக்கா. தொட்டியில் எது நடந்தாலும், நன்றாக நடந்தாலும், நாசமாக நடந்தாலும், இன்னொருக்கா. வெளியிலும் அதே. வாடகை சைக்கிள் கடைக்குப் போனால் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார், தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வருவார், மறுபடி பிடித்துப் பார்ப்பார். முதல் பிடிக்கு எந்த பிரேக்கும் நிற்கும் என்பார். கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். "டீச்சர் வாடகைக்கு எடுக்க வரல. வண்டிக்கு சம்மந்தம் பேச வந்துருக்காக."

சம்மந்தக் கதையும் ஒன்று உண்டு. அவரே சிரித்துக்கொண்டு சொன்னது. அவரைப் பெண் பார்க்கத் தேவகோட்டையிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், நல்ல வேலை, பேச்சும் பதவிசு. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இவர் காபித் தம்ளரை வாங்கிக்கொண்டே, "அடுத்த வாரம் சொல்லாம கொள்ளாம இன்னொருக்கா வாங்க" என்றிருக்கிறார். அவர் வரவில்லை. அதன்பின் யாரும் வரவில்லை.

"வருத்தமா இல்லையா டீச்சர்?"

"அந்த மனுசனுக்கு வருத்தமான்னுல்ல கேக்கணும்? வழியிலயே கெடந்து யோசிச்சிருப்பாரு, பாவம்."

இப்படி ஒரு ஆள் உருவாவதற்கு ஏதோ பழைய துக்கம் காரணமாக இருக்கும் என்று நான் தேடித் திரிந்தேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துக்கத்தை எதிர்பார்க்கிற வயது. ஒன்றும் அகப்படவில்லை. சிலர் இடக்கைக்காரர்களாகப் பிறப்பதுபோல அவர் அப்படிப் பிறந்திருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்குள் அவர் வந்து சேர்ந்தது ஒரு வீடியோ கேசட்டால்.

என் அக்காவின் கணவர், அத்தான், கண்மாய் மடைகளுக்கு இரும்பு ஷட்டர் செய்கிற பட்டறை வைத்திருந்தார். நான் அங்கேதான் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஷட்டர் கேட்டு யாரும் வரவில்லை. உலை அணைந்து கிடந்தது. அந்தச் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் கொடுத்த கேசட்டில், ஏதோ ஒரு தேசத்தில், ஒரு நீச்சல் குளத்துக்குள் அலை எழுந்தது. அலையின் தோளில் பலகை போட்டு ஒருவன் நின்றுகொண்டு போனான். அத்தான் அந்த இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். நாடா தேய்ந்து அலையில் கோடு விழும் வரை பார்த்தார்.

"மாப்ள, இது நம்ம மடைதான்டா," என்றார் என்னிடம். "ஒசரத்துல தண்ணியத் தேக்கு. ஒரே மூச்சுல ஷட்டரத் தூக்கு. அம்புட்டுத்தான். சென்னையில அலையில நனையத்தான் முடியும். நம்மகிட்ட அலை மேல நிக்கலாம்."

கானாடுகாத்தான் போகிற சாலையில், முட்செடியும் செம்மண்ணுமாகக் கிடந்த பொட்டலில் சோதனைக் குளம் எழுந்தது. கிழக்குச் சுவருக்குப் பின்னால் உயரத் தொட்டி. சுவரில் குளத்தின் அகலத்துக்கும் ஒரு இரும்பு ஷட்டர். மழைக்கு ஏங்குகிற ஊரில் கடல். எனக்கு அந்த எண்ணமே போதையாக இருந்தது. பட்டறையின் உலை மறுபடி எரிந்தது. வலையபட்டியிலிருந்து மூன்று பேர் பங்கு சேர்கிறோம் என்றார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு: கல்லூரி டீச்சர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால் குளம் திறக்கும். விழாவிட்டால் பட்டறையும் இல்லை, அக்காவுக்கு அந்த ஊரும் இல்லை.

அவர் முதலில் தன் கண்ணாடித் தொட்டியில் பார்த்தார். அத்தான் தகரத்தில் சின்ன ஷட்டர் செய்து கொண்டுபோனார். ஆளுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. ஷட்டரைத் தூக்கினோம். அலை எழுந்து டப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்க் கடைசியில் இறக்கிவிட்டது. அத்தான் கைதட்டினார்.

"இன்னொருக்கா," என்றார் டீச்சர், ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளி.

உடனே விட்டோம். இரண்டாவது அலை பாதி வழியில், முதல் அலை கடைசிச் சுவரில் முட்டித் திரும்பி வருவதைச் சந்தித்தது. டப்பா எகிறிக் கவிழ்ந்தது.

"டப்பா லேசு, டீச்சரம்மா. மனுசன் கனம்," என்றார் அத்தான்.

"இருக்கலாம். சின்னத் தண்ணி பொய் சொல்லும். ஆகாதுன்னும் இதை வச்சு எழுதமாட்டேன், ஆகும்னும் எழுதமாட்டேன். பெரிய தண்ணியில பாக்கணும்." காலை மாற்றி நின்றார். "ஆனா ஒண்ணு. மேக்குச் சொவரை எடுத்துருங்க. அங்குட்டுப் போகப் போகக் கொளம் விரியணும், முறம் மாதிரி. தரையும் ஏறிக்கிட்டே போயிக் கரையாகணும். கடல்ல அப்படித்தான இருக்கு? தண்ணிக்கு ஏறி எளைப்பாற எடம் வேணும்."

அத்தான் முகம் சுருங்கியது. எங்கள் பக்கம் ஊரணி வெட்டினாலும் நாலு மூலையும் நறுக்கென்று நிற்க வேண்டும். மூலை இழுத்த மனையை யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். அதிலும் முறம்!

"முறம் மாதிரி எடம் இருந்தா, வந்ததெல்லாம் வெளிய போயிரும் டீச்சரம்மா. கட்டுற கொத்தனாரே கைய வைக்கமாட்டான்."

"அதத்தான நானும் சொல்றேன். வந்தது வெளிய போகணும். தண்ணி."

அத்தான் சுவரை எடுக்கவில்லை. நாலு மூலையும் சதுரமாக, சுவரெல்லாம் வழவழவென்று பூசி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே ஒரு பம்பு. உயரத் தொட்டி நிரம்ப ஒரு பொழுதாகும். நிரம்பியதும் ஒரு அலை. நான் பலகையில் குப்புறப் படுத்தேன், மண்டியிட்டேன், விழுந்தேன், தண்ணீர் குடித்தேன். பத்து நாளில் நின்றேன். விடுகிற ஒவ்வொரு அலையும் தேனாக வந்தது. டீச்சர் அவ்வப்போது வந்து கரையிலேயே நடந்து நடந்து பார்த்துவிட்டுப் போனார். தண்ணீர் விளிம்பிலிருந்து நாலடி தள்ளியே நடப்பார். "தண்ணி உக்காரட்டும், தண்ணி உக்காரட்டும்" என்று அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் அடங்குவதைத்தான் அப்படிச் சொல்வார். உட்காரத் தெரியாத ஒருவர் தண்ணீரை உட்காரச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பங்குக்காரர்கள் வந்து பார்ப்பதற்கென்று வைத்த விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அத்தான் என்னை மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்கு அனுப்பினார். சாயங்காலம். அவர் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நான் பின்னாலேயே நடந்து பேச வேண்டியிருந்தது.

"ஒரு அலை நல்லா வந்தா கையெழுத்துப் போட்டுருங்க டீச்சர். அக்காவுக்காகக் கேக்குறேன்."

"ஒருக்கா வந்தா, வந்துச்சுன்னு எழுதலாம். வரும்னு எப்படித் தம்பி எழுதுறது?"

"ஒங்களுக்கு எதுலயுமே நம்பிக்கை கெடையாதா?"

நின்றார். அன்று அவர் நடையை நிறுத்தியது அப்போதுதான். "நம்பாமயா திரும்பத் திரும்பக் கேக்குறேன்? நம்பாதவுக ஒருக்காப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருவாக."

மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. பொட்டலில் பந்தல். வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழை. ஷட்டருக்கு சந்தனம், குங்குமம், எலுமிச்சை. வலையபட்டி மூன்று பேரும் வெள்ளை வேட்டியில். அன்று புதிதாக இரண்டு பெரிய பம்புகள் வந்து இறங்கியிருந்தன. திறந்த பிறகு கூட்டம் வரிசையில் நிற்கும், காத்திருக்க முடியாது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு அலை என்று அத்தான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் கோயிலில் பூசை கண்டுவிட்டு வாடகை சைக்கிளில் வந்தார். பம்புகளைப் பார்த்ததும் அவர் நடை வேகமானது.

நல்ல நேரத்தில் பூசணி உடைத்தார்கள். ஷட்டர் தூக்கப்பட்டது.

அந்த அலையை நான் எப்படிச் சொல்வேன்? முதுகுக்குப் பின்னால் ஒரு மிருகம் மூச்சு இழுத்தது. பலகை கனமிழந்தது. எழுந்தேன். பச்சைக் கண்ணாடி ஒன்று என் பாதங்களுக்குக் கீழே நடந்தது. செம்மண் பொட்டல், பந்தல், அக்காவின் மஞ்சள் சேலை எல்லாம் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின. இருபத்தேழு வருடம் தரையில் நடந்ததெல்லாம் வீண் என்று தோன்றியது. மேற்குச் சுவருக்கு முன்னால் குதித்து இறங்கினேன். கைதட்டல். குலவை. அத்தான் அழுதார்.

"எல அறுத்தாச்சு, சாப்பிடலாம் வாங்க," என்று வலையபட்டிப் பெரியவர் துண்டை உதறினார். "கையெழுத்தச் சாப்புட்டுப் போட்டுக்கலாம் டீச்சர்."

"இன்னொருக்கா," என்றார் டீச்சர்.

இலைக்கு எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லபடியா ஆயிருச்சுல்ல? நல்ல சகுனத்த யாராச்சும் ரெண்டாந்தரம் கேப்பாகளா?" பெரியவர் குரலில் எரிச்சல் ஏறியிருந்தது.

"இத்தன நாளும் ஒத்தப் பம்பு, ஐயா. தண்ணி உக்காந்தப்பறம்தான் அடுத்த அலை. அஞ்சு நிமிசத்துல ரெண்டாவது அலைய இன்னும் ஒருத்தரும் பாக்கல. டிக்கெட்டு வாங்கினவுக அதுலதான நிப்பாக?"

அத்தான் வேண்டாவெறுப்பாகப் பம்பைப் போட்டார். தொட்டி மளமளவென நிரம்பியது. நான் பலகையை எடுத்தேன்.

"தம்பி, நீங்க வேணாம். இதுல மனுசன் வேணாம்." டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்தார். "வாசல்ல கட்டிருக்க வாழைய அவுத்துத் தாங்க. ஆள் கனம் இருக்கும். பலகையில கட்டி விடுவோம்."

அக்கா வாசலுக்கு ஓடி வாழையை மறித்துக்கொண்டு நின்றாள். "மங்களத்துக்குக் கட்டுன வாழைய அவுக்குறதா? என்ன பேச்சுப் பேசுறீக டீச்சர்? எம் புருசன் தொழில் தொடங்குற நாளு இது!"

"வாழைக்கு ஒண்ணும் ஆகாதும்மா..."

"நீங்க கட்டியிருந்தாத்தான அவுக்குறதோட வலி தெரியும்?"

அவர் முகத்தில் ஏதோ அணைந்தது. அக்கா எதைச் சொன்னாள் என்று எல்லாருக்கும் புரிந்தது. பெரியவர் செருப்பைத் தேடினார். எல்லாம் கலையப்போகிறது. எனக்குள் முதல் அலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது என்னை ஏமாற்றும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. பலகையோடு குதித்து ஷட்டருக்கு முன்னால் போய்ப் படுத்தேன்.

"தூக்குங்க அத்தான்!"

"வேணாம் தம்பி! தண்ணி இன்னும் உக்காரல! வேணாம்!"

அத்தான் தூக்கினார்.

சுவர்களுக்கிடையே போய்வந்துகொண்டிருந்த பழைய தண்ணீர் என்னைக் கிழக்கே இழுத்தது. அதே நொடியில் புதுத் தண்ணீர் என்மேல் இறங்கியது. நான் நடுவில். மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. தோள் ஷட்டர் சட்டத்தில் மோதியபோது சத்தம் வெளியே கேட்கவில்லை, உள்ளே கேட்டது. அங்கேதான் குளம் ஆழம், ஆள் முங்கும். வலது கை வரவில்லை. வாய் நிறையப் பச்சைத் தண்ணீர்.

என் சட்டைக் காலரை யாரோ பிடித்தார்கள். கண்ணைத் திறந்தால் டீச்சர். ஒரு கையில் என் காலர், ஒரு கையில் ஷட்டரின் சங்கிலி, சேலை பாய்போல் விரிந்து மிதந்தது. தண்ணீர் எங்கள் இரண்டு பேரையும் சுவரில் அடித்து அடித்துப் பார்த்தது. அவர் விடவில்லை. கரையில் அலறல். வாழையைக் கட்டியிருந்த கயிற்றை அக்கா பல்லால் கடித்து அவிழ்த்ததை அப்புறம் சொன்னார்கள். அத்தான் வாழையோடு குதித்தார். குலையோடு மிதந்த அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று பேரும் கரையேறினோம்.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் என் கையை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். குளிர்ந்துபோய், ஆடாமல் அசையாமல் இருந்தார். உட்கார்ந்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நான் வலியில் கண்ணை மூடியிருந்தேன், பார்க்கவில்லை.

அறிக்கையைத் தபாலில் அனுப்பினார். "முதல் அலை: குறையில்லை. இரண்டாம் அலை: ஏறியவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. நான்கு சுவர்களோடு இதை மக்களுக்குத் திறக்கக் கூடாது. மேற்கே சரிவு வைத்தால் மறுபடி பார்க்கலாம்." கீழே கையெழுத்து. அத்தான் கேட்ட கையெழுத்துதான். "மறுபடி பாக்கலாமாம்," என்று அத்தான் சிரித்தார். அதற்குள் வலையபட்டிக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். பட்டறையை மூடிவிட்டு அக்காவும் அவரும் திருப்பூர் போனார்கள். "அந்தம்மா கேக்காம இருந்துருந்தா ஒன் தோளு ஒடஞ்சிருக்காது" என்று அத்தான் இன்றுவரை சொல்கிறார். உண்மைதான். கேட்காமல் இருந்திருந்தால் உடைந்திருப்பது யாருடைய தோள் என்று நான் பதிலுக்குச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், வருடங்கள் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து, டீச்சருக்குத் தெற்கே எங்கோ மாற்றல் என்று சைக்கிள் கடையில் சொன்னார்கள். பேருந்து நிலையத்துக்குப் போனேன். கை தூளியில் தொங்கியது. கோபத்தோடு போனேனா, நன்றி சொல்லப் போனேனா என்று எனக்கே தெரியாது. அவர் பெட்டியைக் காலிடுக்கில் வைத்து நின்றிருந்தார்.

"வலி எப்படி இருக்கு தம்பி?"

"பரவாயில்ல."

"அக்கா?"

"திருப்பூர் போயிருச்சு. ஒங்க மேல கோவமெல்லாம் இல்ல, டீச்சர்."

"பொய் சொல்லாதீக."

பேருந்து வந்து நின்றது. அவர் பெட்டியைத் தூக்கினார். இடது கையால் பெட்டிக்கு ஒரு பிடி கொடுத்துக்கொண்டே, வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு அம்புட்டு ஆழத்துல, அம்புட்டு வேகமா வந்தீகளே டீச்சர்... நீச்சல் எங்க படிச்சீக?"

அவர் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நடத்துநர் விசில் அடித்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது தம்பி."